எல் சைஸ் ஸ்டிக்கர் ஒட்டிய மெமரி

திருப்பூர்,
10.2.1999, புதன்கிழமை.

மரியாதைக்குரிய பாரூக் மாமு அவர்களுக்குத் தங்கள் அக்கா மகள் ஜஹானாரா ஸலாமுடன் எழுதுவது. இறைவன் கிருபையால் இங்கே நானும், அறையில் என்னோடு இருக்கும் பிள்ளைகளும் சுகம். அங்கே தாங்களும், குல்சார் பேகம் மாமியும், சினையாக இருந்த ஆடும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். ஆடு இதற்குள் குட்டி போட்டிருந்தால் குட்டிக்கும் இதே துஆ.

அத்தா எழுதிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. எட்டாவதோடு நின்றுபோன, வாயைத் திறக்காத பிள்ளையைக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் யாரோ சொன்னார்களாம். அதனால் வருகிற ஞாயிறு தாங்கள் வந்து என்னைக் கொமரலிங்கத்துக்கே அழைத்துக்கொண்டு போய்விடப் போகிறீர்களாம். மாமு, பெருக்குவது உண்மைதான். செக்கிங் டேபிளில் ஓட்டை விழுந்த பனியனைக் கண்டால் சூப்பர்வைசருக்குக் கேட்கும்படி எண்ணிக்கையைக் கத்திச் சொல்ல வேண்டும். தையல் மெஷின் சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு, பேசாத பிள்ளை இங்கே நடப்பதை வெளியில் போய்ச் சொல்லாது என்று கம்ப்யூட்டர் அறையைத் துடைக்க அனுப்பிவிட்டார்கள். ஆனால் தாங்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால், நேற்று அந்த அறையில் நடந்ததைத் தயவுசெய்து கடைசிவரை படிக்க வேண்டும்.

அந்த அறையில் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது. விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. தாங்கள் என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று, அந்தப் பளபளக்கும் பாலியஸ்டர் சட்டையோடு தூக்கி வந்தீர்களே, அந்த சூட்கேஸ் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. கம்பெனியின் ஒன்பது கம்ப்யூட்டரிலிருந்தும் வயர் வந்து இதில் சேர்கிறது. ஒன்று சொல்வதை மற்றொன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது இதன் வேலை. இரண்டு வாரமாக வெயில் ஏறினால் இது மயங்கிப் படுத்துவிடும், உடனே ஒன்பது கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேச்சை நிறுத்திவிடும். கோயமுத்தூர் இன்ஜினியர் போனிலேயே விசாரித்துவிட்டு, பெட்டிக்கு மெமரி போதவில்லை, உள்ளே இருக்கும் சின்ன மெமரி இரண்டையும் கழற்றிவிட்டுப் பெரியது இரண்டு போட வேண்டும் என்றார். மெமரி என்றால் விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு, ஒரு ஓரத்தில் தங்க நிறப் பல்வரிசை, அவ்வளவுதான். அவரே வந்து போடுவதாகச் சொல்லி, தகடுகளைச் சாம்பல் நிறக் கவரில் பஸ்ஸில் முன்னால் அனுப்பினார். ஆனால் நேற்று அவருக்கு ஈரோட்டில் வேறு வேலை வந்துவிட்டது. இங்கேயோ ஜெர்மனிக்குப் போகும் கன்டெய்னர் லாரி வாசலில் நிற்கிறது, நான்கு மணிக்குள் பேக்கிங் லிஸ்ட் அடித்துக் கொடுத்தால்தான் அது கிளம்பும், பெட்டி பதினோரு மணிக்கே படுத்துவிட்டது.

மேனேஜர் சாமியப்பன் சார் ஈரோட்டுக்குப் போன் போட்டார். இன்ஜினியர் சத்தமாகப் பேசுகிறவர், அறை முழுக்கக் கேட்டது. "நான் சொல்லச் சொல்ல நீங்களே போட்டுக்கலாமுங்க. ஆனா பாலியஸ்டர், நைலான் கட்டினவங்க கிட்டவே போகாதீங்க. துணியில இருக்கிற கரண்ட் சுருக்குன்னு பாஞ்சா மெமரி செத்துப்போகும். சுத்தமான காட்டன்ல ஆள் இருக்குதுங்களா?" மேனேஜர் குனிந்து தன் பாலியஸ்டர் சபாரியைப் பார்த்தார். கம்ப்யூட்டர் போடும் பழனியம்மாள் அக்கா நைலக்ஸ் சேலை முந்தானையை இழுத்துச் சுருட்டிக்கொண்டது. பேக்கிங் மாஸ்டர் கன்னையன் அண்ணன் தன் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "வருசம் பூராவும் வெள்ளைக்காரனுக்கு நூறு சதவீதம் காட்டன் அனுப்பறீங்க, உங்க ஆபீஸ்ல ஒருத்தர்கூட காட்டன் போடலீங்களா?" என்றார் இன்ஜினியர். "அது எக்ஸ்போர்ட்டுங்க சார்" என்றார் மேனேஜர். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் துடைப்பத்தோடு மூலையில் நின்ற என்னைப் பார்த்தார்கள். மாமி சோமனூரில் வாங்கித் தந்த பருத்திப் பாவாடை தாவணியில் இருந்தேன். இதை மாமியிடம் அவசியம் சொல்லவும்.

மாமு, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தேன். அந்தச் சுருக் எனக்குப் பழக்கம்தான். செக்கிங்கில் பாலியஸ்டர் கலந்த துணி வந்தால் பனிக்காலத்தில் இரும்பு டேபிளைத் தொட்டபோதெல்லாம் கடிக்கும். மேனேஜர் ரிசீவரை என் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டார். முதலில் பழனியம்மாள் அக்கா, பெட்டியின் அமைப்பையெல்லாம் எடுத்து வைத்திருந்த பிளாப்பி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தது. பிறகு பெட்டியை நிறுத்தி, சுவரிலிருந்து வயரையும் பிடுங்கச் சொன்னார் இன்ஜினியர். "புடுங்கியாச்சுங்களா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "ஹலோ, புடுங்கியாச்சுங்களா?" இன்னும் பலமாகத் தலையாட்டினேன். "ஏனுங்க, லைன் கட்டாயிருச்சுங்களா?" மேனேஜர் ரிசீவரைத் தன் வாய்ப்பக்கம் இழுத்து, "இல்லீங்க சார், புள்ளை தலையாட்டுதுங்க!" என்று கத்தினார். "போனுக்குள்ள எனக்கெப்படீங்க தெரியும்?" என்றார் அவர். அதற்கும் நான் தலையாட்டிவிட்டேன்.

தகடுகளோடு அவர் அனுப்பியிருந்த பட்டையை மணிக்கட்டில் கட்டினேன். கடிகாரம் இல்லாத வாட்ச் மாதிரி, அதிலிருந்து ஒரு வயர். உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்கிப்போக, அதன் முனையில் உள்ள கிளிப்பைப் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டச் சொன்னார். பெட்டியின் ஓரத்திலேயே ஓரிடம் கிடைத்தது. மூடியைத் திறந்தால் உள்ளே தகடே தெரியவில்லை, ஒரு சின்னத் தலையணைக்குக் காணும் அளவுக்குப் பனியன் பஞ்சு! பெருக்குகிற கை அல்லவா, சும்மா இருக்குமா? காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்ததையும் சேர்த்து விரலால் பதமாக எடுத்துப் போட்டேன். பிறகு பழைய தகடு இரண்டையும் பல்வரிசையில் விரல் படாமல், ஓரத்தைப் பிடித்துக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். வைத்ததுதான் தாமதம், கன்னையன் அண்ணன் இரண்டையும் பாலிதீன் கவரில் போட்டு எல் சைஸ் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். கவரும் ஸ்டிக்கரும் இல்லாமல் எந்தப் பொருளும் கிடப்பதை அவரால் பார்க்க முடியாது. "புதுசு ரெண்டும் சாம்பல் கவர்லதானுங்களே இருக்குது?" என்றார் இன்ஜினியர். "அந்தக் கவர் கசங்கிப் போயிருந்துதுங்க, எக்ஸ்போர்ட் குவாலிட்டி இல்லீங்க, நேத்தே நல்ல பாலிதீனுக்கு மாத்தி ஸ்டிக்கர் ஒட்டி இதே மேஜைமேல வச்சுட்டேனுங்க" என்று கன்னையன் அண்ணன் பெருமையாகச் சொன்னார். ஈரோட்டிலிருந்து வந்த சத்தத்தில் மேனேஜர் ரிசீவரைக் கீழே விட்டுவிட்டார். பாலிதீனும் சுருக் கொடுக்குமாம், அந்தச் சாம்பல் கவர்தான் கொடுக்காதாம். அண்ணன் குப்பைக்கூடைக்கு ஓடி, சாம்பல் கவரைத் தேடி எடுத்து உதறி, மேஜைமேல் இருந்த நான்கில் இரண்டைப் பிரித்து அதில் போட்டு என்னிடம் நீட்டினார்.

தகட்டில் ஒரு பக்கம் சின்ன வெட்டு இருக்கும். அது சேருகிற பக்கம்தான் உள்ளே போகும், முட்டினால் அழுத்தக் கூடாது. சாய்த்து வைத்து, மெதுவாக நிமிர்த்தினேன். இரண்டு பக்கமும் டிக், டிக். இரண்டாவதும் டிக், டிக். "உக்காந்துதுங்களா கண்ணு?" என்றார் இன்ஜினியர். மாமு, அப்போது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "உக்காந்துருச்சுங்க!" என்று ஒரு கத்துக் கத்தினேன். செக்கிங் டேபிளில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். மூடியைப் போட்டு, பட்டையை அவிழ்த்து, வயரைச் சொருகிப் பெட்டியைப் போட்டதும் பச்சை விளக்கு ஒவ்வொன்றாக ஒன்பதும் எரிந்தன. அக்கா என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, நைலக்ஸ் ஞாபகம் வந்து நின்றுகொண்டது. மூன்றரைக்குப் பேக்கிங் லிஸ்ட் வந்தது, நான்குக்கு லாரி போனது. மதியம் படுக்கிற பெட்டி இன்று சாயங்காலம் வரை படுக்கவில்லை. மேனேஜர் சார் சூப்பர்வைசரிடம், "மெமரி போடற புள்ளை" என்று என்னைக் காட்டுகிறார்.

ஆகையால் ஞாயிறு வர வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கம்பெனிக்கே மெமரி போட்டவள் ஜஹானாரா என்று அத்தாவிடமும், பள்ளிவாசல் தெரு முழுவதிலும் தாங்கள் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத,
ஜஹானாரா.

பின்குறிப்பு: வியாழன் காலை. தெருவில் இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்ல வேண்டாம். இன்ஜினியர் இன்று நேரில் வந்து திரையில் பார்த்தார், மெமரி முன்பு இருந்த அளவேதான் இருக்கிறது. சாம்பல் கவரில் அண்ணன் போட்டுக் கொடுத்தது பழைய இரண்டையும்தானாம். நான் கழற்றியதையே பத்திரமாகத் திரும்பப் போட்டிருக்கிறேன். புதியது இரண்டும் எல் சைஸ் ஸ்டிக்கரோடு மேஜைமேல் கிடந்ததைப் பார்த்து, விட்டுப்போன பீஸ் என்று பேக்கிங்கில் எடுத்துப் பனியன் அட்டைப்பெட்டியில் போட்டு ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டி மயங்கியது பஞ்சு சிக்கிக் காற்றாடி நின்று சூடு ஏறியதாலாம், மெமரி முன்பும் போதுமானதாகவே இருந்ததாம். ஆக, என்னுடைய வேலையில் உருப்படியானது பெருக்கியது மட்டும்தான். அதனால் இனிமேல் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பஞ்செடுப்பது என் பொறுப்பு என்று சாமியப்பன் சார் சொல்லி, பட்டையையும் என்னிடமே கொடுத்துவிட்டார். அதையும் மீறி ஞாயிறு வருவதாக இருந்தால் பருத்திச் சட்டை போட்டு வாருங்கள் மாமு. பாலியஸ்டர் போட்டவர்களை அந்த அறைக்குள் விடுவதில்லை, வாசலில் நின்று அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியது நான்தான்.