ஸ்காட்லாந்து சாரின் சத்தியம்

இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தில் யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை அறிந்து, பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதை அறியாதிருந்த மனிதர் உலகிலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் 'ஸ்காட்லாந்து சார்' என்போம்.

ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். தொண்ணூறுகளின் இறுதியில், கூடுவாஞ்சேரியில் எங்கள் மனைப்பிரிவுக்குக் குடிவந்தார். பால் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் மாட்டினால் போதும்.

"அங்க ஒரு மாவட்டத்துக்கே அம்பது அறுபது ஓட்டுதாம்மா. நிலம் இருந்தாத்தான் ஓட்டு. பிரபுக்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? நிலத்தைக் காகிதத்துல துண்டு போட்டு, வேண்டியவங்க பேருக்கு எழுதி, ஓட்டு தயாரிச்சாங்க!"

பால் திரிந்துவிடும், பாடம் முடியாது.

எங்கள் மனைப்பிரிவுச் சங்கத்தின் தலைவர் மனை விற்பவர். குழந்தைகள் விளையாடிய பூங்கா நிலத்தில் கல்யாண மண்டபம் கட்ட ஆசைப்பட்டார். சார் அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். மனை வைத்திருப்பவருக்கே வாக்கு என்பது சங்க விதி. ஒரே மாதத்தில், விலைபோகாத மனைகளுக்கெல்லாம் உரிமையாளர்கள் முளைத்தார்கள்: தலைவரின் மைத்துனர்கள், ஓட்டுநர், அவருக்கு முடிவெட்டுபவர்.

சாருக்குக் கோபம் வரவில்லை, பரவசம் வந்தது. "அப்படியே ஸ்காட்லாந்தும்மா!" மருந்தும் அங்கிருந்தே இறக்குமதியானது. 'இம்மனை மெய்யாகவே என்னுடையது. பிறருக்காக என் பெயரில் இல்லை' என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்த பிறகே வாக்களிக்க வேண்டும். தலைவர் சிரித்தபடி சம்மதித்தார். அங்கே அந்த மருந்து பலித்ததா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நூலகர் என்றால் நேர்மையானவள் என்று முடிவுகட்டி, தேர்தலை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். முதலில் ஓட்டுநர் வந்தார்.

"சத்தியந்தானே? பண்ணிக்கினா போச்சு. என் மனை எந்தப் பக்கம் கீதுன்னு மட்டும் யாராச்சும் காட்டுங்கம்மா."

காட்டினார்கள். சத்தியம் செய்தார். மைத்துனர்களும் கற்பூரம் அணையுமுன் வரிசையாகச் செய்து முடித்தார்கள்.

கடைசியாகச் சார் வந்தார். தன் கையெழுத்திலேயே இருந்த சத்தியத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மச்சினர் துபாய்ல இருக்காரும்மா. மனை அவரோடது. என் பேர்ல வாங்கிப் போட்டிருக்கார்."

"இன்னா சார், நீயும் நம்ம கட்சிதானா!" என்றார் ஓட்டுநர், உண்மையான பாசத்துடன்.

நான் குரலைத் தாழ்த்தினேன். "பிள்ளைங்க விளையாடற இடம் சார். ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்லலாம்மா. பொய்யாச்சே."

ஒரே வாக்கில் தோற்றார். அவர் வாக்கும் விழுந்திருந்தால் சமநிலை. அப்போது தேர்தலை நடத்துபவரே முடிவு சொல்லலாம் என்பதும் அவர் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த விதிதான். நான் என்ன முடிவு சொல்லியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியாதா?

மண்டபம் எழுந்தது. இன்றும் கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும் இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அந்த மண்டபமென்றால், அன்று எனக்குத் தலைவலி வந்துவிடும்.