கொள்ளிடம் பாலத்தில் நின்ற ரயில்

எங்கள் அப்பா டோமினிக் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். பகல் முழுக்க ரயில் பெட்டிகளுக்கு வைத்தியம். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு. வாயாலேயே ஹாரன் வேறு. (அந்த ஹாரனை அவரைவிட நான் நன்றாகவே அடிப்பேன்.) ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் எனக்கு மூத்தது. அப்பாவின் ரயில் ஸ்ரீரங்கத்தைத் தாண்டும். கொள்ளிடம் பாலத்தின் நடுவில் உறைந்து நின்றுவிடும். தினமும்.

அதே கம்ப்யூட்டரில்தான் அம்மா பெலிண்டாவின் வரன் மையமும் ஓடுகிறது. டேட்டாபேஸ் நிறைய மாப்பிள்ளைகள், பெண்கள்.

"புது லேப்டாப் வாங்கிடலாம்மா" என்று அப்பா கெஞ்சும்போதெல்லாம், "அதான் இது ஓடுதுல்ல?" என்பாள் அம்மா.

ஓடக்கூடாது என்று அப்பா முடிவெடுத்தார்.

அம்மா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போன நேரம். அப்பா கம்ப்யூட்டரைத் தூசி தட்டிப் பிரித்தார். உள்ளே இருந்த இரண்டு ரேம் பட்டைகளில் ஒன்றை உருவினார். பாதி ஞாபகம் காலி! பட்டையைத் தன் டூல்ஸ் பெட்டிக்குள் ஒளித்தார். டார்ச் பிடித்தது அடியேன்.

சாயங்காலம் அம்மா மாப்பிள்ளை தேடினாள்.

"என்னங்க, மெமரி பத்தலைன்னு வருது!"

அப்பா பெரிய டாக்டர் முகத்தோடு வந்தார். (இனி அவர் பேச்சை மூக்கடைத்த குரலில் படிக்கவும்.) "வயசாயிடுச்சும்மா. இவ்வளவு பெரிய டேட்டாபேஸை இனி இது தாங்காது."

"நேத்து தாங்குச்சே?"

"நேத்தைவிட இன்னைக்கு வயசு ஜாஸ்திதானே?"

"நம்ம கல்யாண நாள் உங்களுக்கு எந்த வருஷம் ஞாபகம் இருந்துச்சு? உங்களை நான் மாத்தினேனா? இருங்க, அப்ரார் தம்பியைக் கேக்கறேன்."

அப்ரார் எங்கள் ஆஸ்தான மெக்கானிக். கம்ப்யூட்டருக்கு எந்த வியாதி வந்தாலும் அவருக்கு ஒரே மருந்துதான். ரேமை உருவி, அதன் தங்கப் பற்களை என் அழிரப்பரால் தேய்த்து மாட்டுவார். "பல்லு வெளக்கியாச்சுக்கா, இனி நல்லாக் கடிக்கும்!"

மறுநாள் அப்பா வேலை முடிந்து வந்ததும் அம்மா அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"மெமரியைத் திங்கறதையெல்லாம் முதல்ல எடுக்கணுமாம். அப்புறமும் ஓடலைன்னா லேப்டாப்தானாம். எடுங்க."

அப்பா வேண்டாத புரோகிராம்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"அந்த ரயிலு?"

"ரயில் ரொம்ப லைட்டும்மா!"

"ரயிலு லைட்டா?"

"ஓட்டாதப்ப அது மெமரியைத் தொடவே தொடாது, பெலிண்டா!"

"சரி, இருக்கட்டும். லேப்டாப் பேச்சையும் இதோட விட்டுடுவோம்."

அப்பா யோசித்தார். நாலு வருஷம் ஓட்டி, கூட்ஸ் வண்டியிலிருந்து எக்ஸ்பிரஸ் டிரைவராகப் பதவி உயர்வு வாங்கிய விளையாட்டு அது. அழித்தால் அத்தனையும் போய்விடும். ஆனால் பாதி ரேமில் டேட்டாபேஸ் ஓடாது. ஆக, லேப்டாப் நிச்சயம்! என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மெதுவாக ஒரு கடைசி ஹாரன் அடித்தார். அழித்தார்.

அம்மா பட்டனைத் தட்டினாள்.

மாப்பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். ஒரு முனகல்கூட இல்லை.

அப்பா டூல்ஸ் பெட்டிக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். ரேம் இருந்த இடத்தில் என் அழிரப்பர் இருந்தது. ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்து, கறுத்துப்போய்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றேன்.

"உங்கப்பா எந்தக் காலத்துல கம்ப்யூட்டர் மேல தூசி தட்டியிருக்கார்? நேத்து பளபளன்னு இருந்துச்சே! காலையில பிரிச்சுப் பாத்தா ஒரு ரேமைக் காணோம். தேடி எடுத்து, பல்லு வெளக்கி மாட்டிட்டேன்."

அப்பாவுக்கு மூக்கடைப்பெல்லாம் போய்விட்டது. நிஜக் குரலே உடைந்துபோய் வந்தது.

"என் ரயில் போச்சே, பெலிண்டா..."

பாவமாகத்தான் இருந்தது. அம்மாவுக்கும்தான். சூடாகக் காபி கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். தலையைக் கோதிவிட்டாள்.

"நான் எங்கங்க ரயிலை நிறுத்தினேன்? செயினை இழுத்தது நீங்கதானே!"