மின்மினி மோட்டோர்ஸ் மூடப்பட்ட வரலாறு

அன்றைக்கும் கார் மக்கோவன் சந்தியைத் தாண்டவில்லை. பச்சை விழுந்தும் அசையாமல் நின்ற காரிலிருந்து தியாகலிங்கம் இறங்கி, பின்னால் ஹோர்ன் அடித்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தள்ளத் தொடங்கினார். ஜனவரி மாதத்து ஸ்னோ முகத்தில் அடித்தது. பெற்றோல் குடிக்காத மின்சாரக் கார்தான், பெருமைதான். ஆனால் தள்ளுகிறவனுக்கு எந்தக் காரும் ஒன்றுதான்.

மின்மினி மோட்டோர்ஸை 1994இல் தொடங்கியவர் அருள்நாயகம். ஊரில் சீமெந்து ஃபக்ரறியில் இஞ்சினியராக இருந்து, ரொறன்ரோவுக்கு வந்து மூன்று வருஷம் ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவிய மனிதர். அஜின்கோர்ட்டில் ஒரு பிளாஸாவின் பின்பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்து, பழைய காரொன்றின் இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பதினாறு பற்றரியும் ஒரு மோட்டரும் பூட்டினார். கம்பனியில் இரண்டே பேர். அவர் முதலாளி. மிச்சமெல்லாம் தியாகலிங்கம்.

தியாகலிங்கத்துக்கு மின்சாரக் காரில் பெரிய பக்தி என்று சொன்னால் அது பொய். அவருக்குத் தேவை ஒரு வேலைக் கடிதம். மனைவி தவமணியும் மகளும் இரண்டு வருஷமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் அடைந்து கிடந்தார்கள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் இவருக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று கம்பனி எழுதித் தரவேண்டும். கம்பனியே நிரந்தரமில்லாவிட்டால் என்னத்தை எழுதுவது? அதனால் மனுஷன் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்.

பொறுப்பென்றால் அப்படியொரு பொறுப்பு. சென் ஜேம்ஸ் ரவுணில் அவரோடு ஒரே அப்பார்ட்மென்டில் இருந்த ஆறு பேரைக் கேட்டால் சொல்வார்கள். ஆளில்லாத அறையில் லைற் எரிந்தால் அவருக்கு நெஞ்சு எரியும். ஆளிருக்கும்போதே குளியலறை லைற்றை அணைத்து ஏச்சு வாங்கியதும் உண்டு. கம்பனியிலும் அப்படித்தான். பின்னேரம் காரின் வயரைப் பின்சுவரில் செருகி, சார்ஜரில் சிவப்பு எரிகிறதா என்று பார்த்து, ஹீற்றரைக் குறைத்து, லைற்றை அணைத்து, கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவார்.

பற்றரி நிரம்பினால் சார்ஜரில் பச்சை எரியவேண்டும். காலையில் வந்து லைற்றைப் போட்டுப் பார்த்தால் எப்போதும் சிவப்புத்தான். இரவிரவாகக் குடித்தும் தாகம் தீராத பற்றரியை அருள்நாயகம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

குளிர்தான் காரணம் என்று முதலில் முடிவாயிற்று. தியாகலிங்கம் தன் போர்வையைக் கொண்டுவந்து பற்றரிகளுக்குப் போர்த்தினார். கார் ஓடவில்லை, அவருக்குத்தான் தடிமன் பிடித்தது. பிறகு பற்றரி காணாது என்று இன்னும் நாலு பூட்டினார்கள். பாரத்தில் கார் பின்பக்கம் குந்தி, ரோட்டில் உரசிக்கொண்டு போனது.

தடிமன் காய்ச்சலாகி, தியாகலிங்கம் இரண்டு நாள் படுத்துவிட்டார். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் கதவு பூட்டாமல் கிடக்கிறது, லைற் பட்டப்பகலில் எரிகிறது, ஹீற்றர் கொதிக்கிறது. ஒரு வீட்டைக் கட்டி ஆளத் தெரியாத மனுஷன் கம்பனி நடத்துகிறாரே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அருள்நாயகம் காரோடு வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. நேற்றும் இன்றைக்கும் நாற்பது கிலோமீற்றர் ஓடியதாம், ஒரு இடத்திலும் நிற்கவில்லையாம்.

இஞ்சினியர் மூளை சும்மா இருக்குமா? தியாகலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"தியாகலிங்கம், நீர் என்ன நிறை?"

"தொண்ணூற்றிரண்டு கிலோ, அண்ணை."

"அப்ப அதுதான்."

அன்றிலிருந்து தியாகலிங்கத்துக்குச் சோறு இல்லை. இரண்டு நேரமும் பாணும் பிளேன்ரீயும். ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைந்தார், காற்சட்டையைக் கயிற்றால் கட்டினார். கார் மட்டும் மக்கோவன் சந்தியிலேயே நின்றது. தவமணி ரெலிபோனில் கடிதம் என்னாச்சு என்று கேட்டாள். அடுத்த மாதம் என்றார். குரல் ஏன் இப்படிக் கிடக்கிறது, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு, காற்சட்டைக் கயிற்றை இறுக்கிக்கொண்டு, வயிறு நிறைய என்றார்.

கடைசி நம்பிக்கை சண்முகலிங்கம். பிறம்ரனில் லொறிக் கம்பனி வைத்திருக்கிற பெரிய மனிதர். கார் தன்னை ஏற்றிக்கொண்டு அஜின்கோர்ட்டிலிருந்து பிறம்ரன் வரைக்கும் போனால் பங்கு சேர்வதாகச் சொல்லியிருந்தார். பங்கு சேர்ந்தால் கம்பனி நிலைக்கும், மறுநாளே கடிதம் என்று அருள்நாயகம் வாக்குக் கொடுத்தார். பிறம்ரன் ஓட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் முதலாளி தானே நின்று பூட்டுவதாகச் சொன்னதற்குத் தியாகலிங்கம் சம்மதிக்கவில்லை. அவரை நம்பிக் கதவை விடலாமா? வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே வயரைச் செருகினார். போர்வை போர்த்தினார். பிள்ளையார் படத்துக்கு முன்னால் தவமணியையும் பிள்ளையையும் நினைத்துக் கண்ணை மூடி நின்றார். பிறகு லைற்றை அணைத்து, கதவை அன்றைக்கு மூன்று தரம் இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் கார் மக்கோவன் சந்தி வரைக்கும்கூடப் போகவில்லை. சண்முகலிங்கம் பளபளத்த சப்பாத்தோடு ஸ்னோவில் இறங்கி டக்ஸியை மறித்தார்.

பெப்ரவரி முடிய மின்மினி மோட்டோர்ஸை இழுத்து மூடினார்கள். காரைப் பழைய இரும்புக்காரன் கட்டி இழுத்துக்கொண்டு போனான். அருள்நாயகம் பழையபடி கோப்பை கழுவப் போனார். போகும்போது தியாகலிங்கத்தின் கையைப் பிடித்து, "உம்மில ஒரு பிழையுமில்லை. நீர் செய்யவேண்டியதெல்லாம் செய்தனீர்" என்று கண்கலங்கினார்.

அதே அறையைப் பங்குனியில் கிறிஸ்ரினா என்கிற பெண் எடுத்தாள். றோல்ஸ், பற்றிஸ் என்று சிற்றுண்டி செய்து கடைகளுக்குப் போடுகிறவள். இடம் தெரிந்த ஆளென்று தியாகலிங்கத்தை வேலைக்குச் சேர்த்தாள். ஆறு மாதம் ஒழுங்காக நின்றால் கடிதமும் தருவதாகச் சொன்னாள். கார் நின்ற இடத்தில் இப்போது சாப்பாடு வைக்கிற பெரிய ஃபிறிட்ஜ் ஒன்று நின்றது.

முதல் நாள் வேலை முடிந்தது. தியாகலிங்கம் மேசையைத் துடைத்து, ஹீற்றரைக் குறைத்துவிட்டு, வழக்கம்போல் லைற் சுவிச்சில் கையை வைத்தார்.

"ஐயோ அண்ணை, அதை நிப்பாட்டிப் போடாதேங்கோ," என்றாள் கிறிஸ்ரினா. "பின்சுவர்ப் பிளக்குக்கும் உந்த ஒரு சுவிச்தான். லைற் நிண்டா கரண்டும் நிண்டிடும்."