பிறந்த ஊர்ப் பரிசோதகர்

எறும்புக்கும் ஈக்கும் அடுத்தபடியாக நம் நாட்டில் பெருகியிருக்கிற ஜாதி ஒன்று உண்டு, வாசகரே. பிறந்த ஊர்ப் பரிசோதகர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். சம்பளம், சட்டை, சர்க்கார் உத்தரவு எதுவும் இவருக்கு வேண்டாம். ரயிலில் எதிரே உட்கார்ந்து எந்த ஊர் என்பார். சொன்னால், அது இருக்கட்டும், பூர்வீகம் எது என்பார். அதையும் சொன்னால், தாயார் வழி எந்தப் பக்கம் என்று உங்கள் வம்சத்தைத் தோண்டிக் கிணறு வெட்டிவிடுவார். எதற்கு ஐயா இதெல்லாம்? சும்மாதான்.

இந்த ஜாதியின் சிகரம் பொன்னுலிங்கம். அஞ்சுகிராமத்துக்கு அப்பால், திருவிதாங்கூர் முடிந்து வெள்ளைக்காரன் ஆளுகிற பாண்டிச் சீமை தொடங்குகிற இடத்தில், ஒரு சின்னச் சுங்கச் சாவடியில் குமாஸ்தா. வண்டிகளில் புகையிலை ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மனிதர் மூட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆளைப் பரிசோதிப்பார்.

ஒருநாள் நடுப்பகலில் கோட்டாற்றுத் துணி வியாபாரி சலாஹுதீன் இவரிடம் அகப்பட்டார். பாண்டிச் சீமைக் காயல்பட்டணத்தில் பிறந்தவர், முப்பது வருஷமாகக் கோட்டாற்றில் வீடு, கடை, பெண்டு பிள்ளைகள், திருவிதாங்கூர் மகாராஜாவின் சர்க்காரே தன் பிரஜையாக ஏற்று உத்தரவு கொடுத்திருந்தது. ஜாவாத் தீவில் பத்தாவி வியாபாரம் முடிந்து, கப்பலிறங்கி ஓடிவருகிறார். அன்று பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு சித்தி ஆயிஷா என்ற மகளுக்கு நிக்காஹ். வலியாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக, நின்று மகளை ஒப்புக்கொடுக்க வேண்டியவர் தகப்பன்.

பெட்டியில் புகையிலை இல்லை, பாஸ்போர்ட் இருந்தது. பொன்னுலிங்கத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பிறந்த இடம் என்ற வரியில் விரலை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. சர்க்கார் உத்தரவைக் காட்டினார் சலாஹுதீன், நிக்காஹையும் சொன்னார்.

“அதெல்லாம் செரி பாயி. பிரஜை ஆனது பொறவுல்லா? பொறந்தது அங்கதான?”

மேலதிகாரி சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று அவரை உட்காரவைத்துவிட்டார். அந்த நேரத்தில் வள்ளியூரிலிருந்து வந்த வண்டியில் பொன்னுலிங்கத்தின் மைத்துனன் கிருஷ்ணமணி கற்கண்டுப் பொட்டலத்தோடு குதித்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த அவன் அக்காள், பொன்னுலிங்கத்தின் மனைவி, ஆண்பிள்ளை பெற்றிருக்கிறாள். பொன்னுலிங்கம் சாவடி முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். சலாஹுதீனுக்கும் ஒரு கை.

“நல்லா இருக்கட்டும்,” என்றார் சலாஹுதீன். “பிள்ள பொறந்தது பாண்டியிலல்லா? அப்ப அவன் எந்த ஊருக்காரன்?”

“இது என்ன கேள்வி? பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்குப் போறது நம்ம வழக்கம்லா. அவன் நம்ம ஊருக்காரன்தான்.”

“அப்ப நான்?”

“உம்ம கேஸு வேற.”

வெயில் சாய்ந்த பிறகு மேலதிகாரி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். புகையிலை உண்டா என்றார். இல்லை என்றார்கள். பிறகு ஏன் இவரை உட்காரவைத்திருக்கிறீர் என்றார்.

சலாஹுதீன் வீடு சேர்ந்தபோது, அவர் தம்பி வலியாக நின்று நிக்காஹ் முடிந்திருந்தது; பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கல்யாணப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க வாப்பா இருந்திய?” என்று கேட்டாள். பத்தாவிவரை போய்வந்தவர் மடியிலிருந்த சாவடிக் கற்கண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பொன்னுலிங்கத்தை நீங்களும் நாலு வார்த்தை திட்டுங்கள், வாசகரே, நன்றாகத் திட்டுங்கள். திட்டி முடித்த பிறகு நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்: போன மாதம் அடுத்த வீட்டுக்குக் குடிவந்தாரே ஒருவர், அவர் பெயரைக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் என்ன கேட்டீர்கள்?