தடுப்பூசியின் பிளாப்பி டின்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊரையும் சல்லடை போட்டுத் தேடினாலும், கம்ப்யூட்டரின் நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்க்கிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். ஆன்டிவைரஸ் சிடி விற்றவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் 'தடுப்பூசி'.

அப்போது நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி கடை வைத்து, கல்யாணப் பத்திரிகைகளில் எழுத்துப்பிழை செய்துகொண்டிருந்தேன். கடையில் இன்டர்நெட் கிடையாது. மாதம் ஒருமுறை தடுப்பூசி அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, புது வைரஸ்களுக்கான மருந்தை ஏற்றிவிட்டுப் போவார். வந்ததும் மானிட்டரைத் தொட்டுப் பார்ப்பார். "கண்டவன் பிளாப்பியையும் போட்டீங்களா சார்?" என்பார். பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் வாங்கிய சர்க்கரை நோயாளி மாதிரி நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

பிடித்த வைரஸை மற்றவர்கள் அழிப்பார்கள். இவர் ஒவ்வொன்றையும் ஒரு பிளாப்பியில் அடைத்து, லேபிள் ஒட்டி, பழைய பிஸ்கட் டின்னில் வளர்த்தார். 'ஆண்டிமடம் பிரவுசிங் சென்டர் – மூர்க்கம்.' 'தா.பழூர் உரக்கடை – சாது, தேதியை மட்டும் மாற்றும்.' மொத்தம் முப்பத்தொன்று. அதில் ஒன்பது என் கடையில் பிடிபட்டவை. வேறெதிலும் நான் முதலிடம் வாங்கியதில்லை என்பதால், வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டதுண்டு.

ஒரு வருஷம் அவர் தலையில் இடி விழுந்தது. கம்ப்யூட்டரை ஓட வைக்கிற சிஸ்டத்தைச் செய்யும் பெரிய கம்பெனியே, வைரஸ் காவலையும் அதற்குள் வைத்து இலவசமாகக் கொடுத்துவிட்டது. உள்ளேயே இருக்காமே என்று வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள். நானும் அப்படியொரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன்.

தடுப்பூசி டின்னோடு வந்தார்.

"இட்லி வாங்குனா சட்னி இலவசம்னு போட்டா, சட்னி மட்டும் விக்கிறவன் என்ன சார் பண்ணுவான்?"

சட்னி மட்டும் விற்கிறவனை நான் பார்த்ததே இல்லையே என்றேன்.

"நல்லாப் பாத்துக்குங்க. நான்தான் சார் அது."

என் கடையும் கைவிட்டால், ஏஜென்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மச்சினனின் சிமென்ட் குடோனுக்கு மூட்டை எண்ணப் போக வேண்டியதுதானாம். கடைசியாக ஒரு பந்தயம் வைத்தார். முப்பத்தொன்றில் ஒரு வைரஸையாவது அந்த இலவசக் காவல் கோட்டை விட்டால், நான் அவர் சிடியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் பிளாப்பி உள்ளே போனது. 'டிங்' என்றது, வைரஸ் காலி. இரண்டாவதும் டிங். ஆண்டிமடத்து மூர்க்கன் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. பத்தாவதில் தடுப்பூசிக்குப் பந்தயமே மறந்துபோயிற்று.

"புடிச்சா புடிக்கட்டும். அதுக்குன்னு கொன்னுடறதா? நாலு வருஷமாப் பத்திரமா வச்சிருந்தேன் சார்."

கடைசி ஒன்றுதான் மிச்சம். அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில், அதன் லேபிளை உரித்து என் டிராயரில் கிடந்த காலி பிளாப்பியில் ஒட்டி உள்ளே தள்ளினேன். டிங் வரவில்லை. விட்டுடுச்சு பாருங்க என்றேன், பச்சைப்பிள்ளை முகத்தோடு.

அவர் பிளாப்பியை வெளியே எடுத்தார். லேபிள் தலைகீழாக ஒட்டியிருந்தது.

"ஏமாத்தறதுகூட ஒழுங்கா வரலியே சார் உங்களுக்கு," என்று டின்னை மூடினார். "நான் தோத்துட்டேன். வரேங்க."

"பந்தயம் கெடக்குது, உக்காருங்க," என்றேன். "உங்க சிடியைப் போட்டுட்டுப் போங்க."

டின்னைக் கீழே வைத்துவிட்டுப் போட்டார். கெட்டிக்காரப் பய, அதுவும் இருக்கட்டும் என்று அந்த இலவசக் காவலையும் அவர் நிறுத்தவில்லை. இரண்டு காவலும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுச் சோதித்ததில், ஒரு பத்திரிகை திறப்பதற்குள் மணமக்களுக்குக் குழந்தையே பிறந்துவிடும் போலிருந்தது. சிமென்ட் குடோன் அவர் இல்லாமலே நடந்தது.

இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் வேகமாகிவிடும் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். எதை எடுக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். கடையை மூடுகிற நாள்வரைக்கும், தெரியாத மாதிரியே இருந்துவிட்டேன்.