கரடி வராத பக்கம்

"தூளியை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்குங்க மாப்ள. தப்பா நினைச்சுக்காதீங்க," என்றார் மச்சான்.

காட்டு முகாமுக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் நூலகரின் தூளி மனைவியின் தூளிக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, மச்சானின் தூளியையும் தாண்டி, ஓடைக்கரை மரங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. இனி தள்ளினால் தண்ணீருக்குள்தான் கட்ட வேண்டும்.

எல்லாம் குறட்டையால் வந்த வினை. நூலகத்தில் பென்சில் விழுந்தாலும் உதட்டில் விரல் வைக்கிறவர் அவர். வாசகர்கள் அவருக்கு வைத்த பெயரே உஷ் சார். அதே மனிதர் வீட்டில் படுத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். மூன்று மாதமாக ஹால் சோபாவில்தான் ஜாகை. சோபா அவரைவிட ஒரு முழம் குட்டை.

கிளம்பும்போது மனைவி வாக்குக் கொடுத்திருந்தாள். "அங்க ஒரே ஒரு தடவை சத்தமில்லாம தூங்கிக் காட்டுங்க. மறுபடி ரூமுக்கு வந்துடலாம்."

உஷ் சாருக்கு அந்த அறை வேண்டும். மெத்தைக்காக அல்ல. விளக்கை அணைத்த பிறகு அவள் அன்றைய ஊர்வம்பையெல்லாம் சொல்லிக்கொண்டே, பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவாள். அதைக் கேட்காமல் அவருக்கு நாள் முடிந்த மாதிரியே இல்லை.

முதலில் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தார். தூளி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி அவரைத் தரையில் கொட்டிவிட்டு, தான் மட்டும் சுகமாக ஆடிக்கொண்டிருந்தது.

"சட்டை முதுகுல ஒரு பந்தை வச்சுத் தைச்சுடலாம். மல்லாக்கப் படுக்க வராது," என்றார் மச்சான். தைத்தார்கள். பந்து முதுகைத் தூக்க, தலை பின்னால் சரிய, குறட்டையில் புதிதாக ஒரு விசிலும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் காலை வனக்காவலர் வந்தார். "அக்கரையில இருக்கிறவங்க ரொட்டி, ஜாம், சோப்பு வரைக்கும் கரடி தின்னுட்டுப் போயிடுச்சு. இங்க வரலையே?"

"வரலையே," என்றார் மச்சான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. தன்னைப் பார்த்துத்தான் கரடி பயந்தது என்று அவருக்கு ஒரு எண்ணம்.

"சாப்பாட்டுப் பையை நல்லா உசரத்துல கட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார் காவலர். அவர் தலை மறைந்ததும், எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று மச்சான் பையைக் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கினார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியே வைத்தியத்தில் இறங்கினாள். "வாயை மூடிட்டா சத்தம் எங்கேருந்து வரும்?" தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சைப் போட்டு இறுக்கினாள். உஷ் சாரால் "ம்" மட்டும்தான் சொல்ல முடிந்தது.

துண்டின் இறுக்கத்தில் தூக்கமே வரவில்லை. ஆனால் காடு நிசப்தமாக இருந்தது.

"அண்ணே, சத்தமே இல்ல பாத்தியா," என்று மனைவி சொல்வது தூரத்தில் கேட்டது. உஷ் சாருக்கு மனம் குளிர்ந்தது. இப்படியே கண்ணை மூடிக் கிடந்தால் போதும், ரூம் நமக்குத்தான்.

அப்போது காதருகே "கர்ர்ர்" என்றது.

போச்சு, ஆரம்பித்துவிட்டோம் என்று வெட்கப்பட்டார். பிறகுதான், தான் தூங்கவே இல்லை என்பது உறைத்தது. கண்ணைத் திறந்தார். ஈரமான கறுப்பு மூக்கு ஒன்று அவர் முகத்தை மோந்துகொண்டிருந்தது.

"ஆரம்பிச்சுட்டீங்களா? திரும்பிப் படுங்க," என்றாள் மனைவி.

"ம்ம்ம்," என்றார் உஷ் சார்.

"ம்ம்ம்ர்," என்றது கரடி.

"இப்ப ரெண்டு குரல்ல விடறாரு," என்றார் மச்சான்.

மனைவியின் தூளியிலிருந்து செருப்பு ஒன்று பறந்து வந்து கரடியின் மூக்கில் பட்டது. கரடி, செருப்பு வந்த திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, நிதானமாக மனைவியை நோக்கி நடந்தது. உஷ் சாருக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து எழுந்தார், தூளி அவரைச் சுருட்டிக்கொண்டது.

"எழுந்து வந்து வேற பக்கத்துல நின்னு விடணுமா?" என்று மனைவி கண்ணைத் திறந்தாள்.

அடுத்த நொடி அவள், அவர்கள் வந்த வேனுக்குள் இருந்தாள். மச்சான் அவளுக்கு முன்பே இருந்தார். கரடி இருவரையும் லட்சியம் செய்யாமல் பையை இறக்கி, ரொட்டியையும் பழத்தையும் முடித்து, ஜாம் பாட்டிலை நக்கிவிட்டு ஓடையைக் கடந்து போயிற்று.

மனைவி ஓடி வந்து துண்டை அவிழ்த்தாள். "உங்களை ஒண்ணும் பண்ணலையே?"

"இல்ல. நான் சத்தம் போடல, கவனிச்சியா? ரூம்..."

"முழிச்சுக்கிட்டு இருந்தீங்க. அது செல்லாது," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்குள் காவலர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கிழிந்த பையைப் பார்த்தார். நாலாபுறமும் எதையோ தேடினார். பிறகு உஷ் சாரைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் மனைவிக்கும் கேட்டது.

"சார், ஜெனரேட்டர் இங்க கூடாதுதான். ஆனா அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் கரடி ஓடையைத் தாண்டாம இருந்துச்சு, அதனாலதான் நானும் கண்டுக்கல. இன்னைக்கு ஏன் நிறுத்தினீங்க, மறுபடி போடுங்க, அதுவும் இவ்வளவு தள்ளி வேண்டாம், அம்மா படுக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே வச்சு ஓட்டுங்க."