பெரியப்பாவின் உயிலுக்கு நான் செய்த மரியாதை

என்னைப் பொறுப்பானவன் என்று இதுவரை ஒரே ஒருவர்தான் எழுத்தில் கொடுத்திருக்கிறார். அவர் காலமாகிவிட்டார். எழுதிக் கொடுத்த அந்தத் தாளை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. ஆனால் மறைத்துப் பயனில்லை. பெங்களூரில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும், மீதிப் பேருக்கு அத்தை சொல்லிவிடுவார்.

அவர் என் பெரியப்பா. கர்நாடக அரசு அலுவலகம் ஒன்றில் காலமெல்லாம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அல்சூரில் ஒரு சின்ன வீடு. அதில் அவரும் அவருடைய தங்கையும். தங்கை என்றால் என் அத்தை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர், அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இருவருக்கும் நடுவில் பிறந்தவர் என் அப்பா.

பெரியப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் பீரோவில் உயில் கிடைத்தது. ஒரே தாள். மைப் பேனாவால், முத்து முத்தான கன்னடத்தில் எழுதியிருந்தார். வீடு முழுக்கத் தங்கைக்கு. உயிலை நிறைவேற்ற வேண்டியவன் 'ஜவாப்தாரியுள்ள தம்பி மகன் ரவி'. ஜவாப்தாரி என்றால் பொறுப்பு. அந்த ரவி நான்தான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது, சந்தாபுராவில் ஒரு கம்பெனியில் வேலை. அந்த ஒரு சொல்லைப் படித்த பிறகு நான் நடக்கிற நடையே மாறிவிட்டது. (சித்தி பையன் ஒருவன், "என்னடா கழுத்து சுளுக்கா?" என்று கேட்டான்.)

உயில் பதிவு செய்யப்படாதது. அதனால் வக்கீல் மங்களா மேடம், "பின்னாடி யாரும் கேள்வி கேக்கக் கூடாதுன்னா ப்ரொபேட் வாங்கிடுங்க" என்றார். அதாவது, இது உண்மையான உயில்தான் என்று நீதிமன்றமே சொல்லிவிட வேண்டும். உயில் நிற்காவிட்டால் வீட்டில் பாதி உடன்பிறந்த தம்பிக்குப் போகும். அந்தத் தம்பி என் அப்பா. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது மேடம் ஒன்று சொன்னார்: "ஒரிஜினல் ரொம்ப ஜோபானா ரவி. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸே இல்ல, ஆயித்தா?"

ஜோபானா என்றால் பத்திரம், ஆயித்தா என்றால் சரியா. எங்கள் குடும்பத்தில் ஒரு காகிதம் பத்திரமாக இருக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. ரேஷன் கார்டு, ஜாதகம், என் எஸ்எஸ்எல்சி மார்க் ஷீட், அம்மா பாட்டுப் போட்டியில் வாங்கிய மூன்றாம் பரிசுச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடுவோம். அதுவும் அது மழைக்காலம். உயிலோ மைப் பேனா எழுத்து. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அத்தைக்கு வீடு போச்சு என்று என் பொறுப்புணர்ச்சி கூக்குரலிட்டது.

சந்தாபுராவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரிஜினல் மாதிரி இருக்கே சார். பக்காவா போடணுமா?"

"திக்கா இருக்கிற ஷீட்டே போடுங்க" என்றேன். (படிக்காத மனுஷர், அவருக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் ஓர் இளக்காரம் வேறு.)

சூடாக வெளியே வந்தது உயில். பளபளவென்று, ஓட்டலில் மேஜை மேல் வைக்கிற மெனு கார்டு மாதிரி இருந்தது. பெரியப்பா பார்த்தால் பூரித்துப் போவார் என்று உண்மையாகவே நினைத்தேன்.

மனு தாக்கல் செய்யும் நாளன்று அதை நீதிமன்றக் கவுன்டரில் பெருமையாக நீட்டினேன். குமாஸ்தா முத்திரையை மையில் ஒற்றி உயிலின் மூலையில் குத்தினார். முத்திரை வழுக்கியது. கட்டை விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தார். சுத்தமாக அழிந்துவிட்டது. மறுபடி குத்தினார், மறுபடி அழித்தார். பிறகு என்னையும் உயிலையும் மாறி மாறிப் பார்த்து, "ஏனப்பா இது?" என்றார், என்னப்பா இது என்று.

மங்களா மேடம் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "உள்ள இருக்கிறது ஒரிஜினலா, கலர் ஜெராக்ஸான்னு ஜட்ஜ் எப்படிப் பார்ப்பாரு? தாளைத் தொட்டுப் பாக்கவே முடியாதே! யாராவது வேணும்னே பண்ணினதுன்னு சொன்னா?"

"வேணும்னே பண்ணி யாருக்கு மேடம் லாபம்?"

அவர் என்னையே பார்த்தார். லாபம் யாருக்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அல்சூர் வீட்டில் அத்தை பிளாஸ்டிக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"உங்கப்பா சொல்லித்தான் செஞ்சியாடா?"

"ஐயோ அத்தை, அப்பாவுக்குத் தெரியவே தெரியாது!"

"சரி" என்றார். அந்த 'சரி'யில் நம்பிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கை வீட்டில் சாப்பிடுகிற அப்பா, விஷயம் காதில் விழுந்ததும் போவதை நிறுத்திவிட்டார். எனக்கு வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. உயிலைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று ஓர் அண்ணனையும் தங்கையையும் பிரித்து வைத்திருந்தேன்.

முட்டாள்தனம் இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. "அதுல கையே வெக்காதீங்க" என்று மேடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் என் நல்ல எண்ணத்தை நிரூபிக்க வேண்டுமே! இணையத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். என் தங்கச்சியின் ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டி, கீழ் மூலையிலிருந்து மெல்ல உரித்தேன். இரண்டு அங்குலம் அழகாக வந்தது. மூன்றாவது அங்குலத்தில் 'டர்' என்று ஒரு சத்தம். சாட்சிக் கையெழுத்தில் பாதி தாளில் இருந்தது, மீதிப் பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். என் விஷயத்தில் குரங்கும் பாதிதான் தேறியது.

அது சேவியர் அங்கிளின் கையெழுத்து. பெரியப்பாவின் நண்பர், பிரேசர் டவுன்காரர். இரண்டு சாட்சிகளில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கையெழுத்தைத்தான் இரண்டாகக் கிழித்திருந்தேன்.

விசாரணை நாளன்று நீதிபதி அந்தப் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்தார். டியூப் லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கூண்டில் நின்ற என் கண்ணில் அடித்தது. உள்ளே இருந்ததைக் கஷ்டப்பட்டு வாசித்தார். 'ஜவாப்தாரியுள்ள' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீவேனா அது?"

"ஹௌது ஸ்வாமி" என்றேன். ஆமாம் என்று சொல்ல வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டதே இல்லை.

"யாக்கே ஹீகே மாடித்ரி?" ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

வீட்டில் பெரிய விளக்கமெல்லாம் தயாரித்திருந்தேன். வாயில் வந்தது, "மழை பந்த்ரே அந்த..." என்பதுதான். மழை வந்தால் என்று. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பின்வரிசை வக்கீல்கள் சிரித்தார்கள்.

அடுத்து சேவியர் அங்கிள், கோட்டு சூட்டுடன். பாதிக் கையெழுத்தைக் காட்டி, இது உங்களுடையதா என்று கேட்டார்கள். அவர் பிளாஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னுதுதான் சார். எழுதறப்போ பேனா மக்கர் பண்ணிச்சு, உதறினேன். இதோ பாருங்க, பேர் பக்கத்துல ஒரு பொட்டு மை. பின்பக்கம் வரைக்கும் ஊறியிருக்கும். 'கோப்புல மை சிந்தினா மெமோ குடுப்பேன்டா'ன்னு அவன் திட்டினான்."

நீதிபதி திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பொட்டு இருந்தது. கலர் ஜெராக்ஸில் மை ஊறாது. எனக்குப் போன உயிரில் பாதி திரும்பி வந்தது.

மீதிப் பாதி அப்பாவிடம் இருந்தது. எனக்கு ஆட்சேபணை இல்லை, ஒரு செங்கல்கூட வேண்டாம் என்று அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். கூண்டில் ஏறி அதையே சொன்னார். இறங்கப் போனவர், அங்கே உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே இன்னொரு வாக்கியத்தைக் கன்னடத்தில் சொன்னார். தமிழில் இதுதான்: "என் மகன் மக்கு, ஸ்வாமி. திருடன் இல்லை. நானும் இல்லை."

தட்டச்சர் நிமிர்ந்து பார்த்தார். நீதிபதி தலையசைத்தார். டக டகவென்று அது பதிவாகிவிட்டது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களில் ப்ரொபேட் வந்தது. வீடு அத்தைக்கு. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அல்சூருக்குப் போனார். "உன்னை அப்படி நெனச்சிட்டேனேண்ணா" என்று அத்தை சாம்பார் ஊற்றிக்கொண்டே அழுதார். "இவனைப் பெத்தவன் நான்தானே, சந்தேகம் வரத்தான் செய்யும்" என்றார் அப்பா. நான் மோரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

இன்றைக்கும் குடும்பத்தில் என் பெயர் ஜவாப்தாரி. என் கல்யாணப் பத்திரிகையைக்கூட என் கையில் கொடுக்கவில்லை, தூரத்திலிருந்து காட்டினார்கள். அத்தை தன் உயிலைப் பதிவு செய்துவிட்டார். அதையும் நிறைவேற்ற வேண்டியவன் நான்தானாம். ஒரிஜினல் எங்கே இருக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல்லவில்லை.

அல்சூர் வீட்டுக்கு யார் வந்தாலும் ஷோகேஸில் ஒரு தாளைப் பார்க்கலாம். அப்பாவின் சாட்சியம், நீதிமன்ற முத்திரையோடு. 'என் மகன் மக்கு' என்ற வரிக்குக் கீழே அத்தை சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். தாள் பளபளவென்று லேமினேட் செய்யப்பட்டிருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது நான் பதறிப்போய் வாயைத் திறந்தேன்.

"பயப்படாதடா" என்றார் அத்தை. "இது காப்பிதான்."